மாடிக்கு எந்த மிளகாய்? பூ கொட்டுவதும் இலை சுருள்வதும் ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். மதுரையில் மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். தை மாதம் எட்டுப் பைகளில் மிளகாய் போட்டேன். வீட்டிலிருந்த வத்தலை உடைத்து எடுத்த விதைதான். செடி இடுப்பு உயரம் வளர்ந்தது, ஆனால் சித்திரையில் பூத்த பூவெல்லாம் கொட்டிவிட்டது. நின்ற சில காய்களிலும் காரம் இல்லை. மூன்று செடிகளில் இலை சுருண்டுவிட்டது. கடையில் கொடுத்த பூச்சி மருந்தை இரண்டு முறை அடித்தும் கேட்கவில்லை. அடுத்த முறை வீரிய ஒட்டு விதை வாங்கிப் போடச் சொல்கிறார்கள். எங்களுக்கு அன்றாடச் சமையலுக்குப் பச்சை மிளகாய், தாளிக்கக் குண்டு மிளகாய், மோர் மிளகாய் போடக் கொஞ்சம், இவ்வளவுதான் தேவை. எந்த ரகம் வைக்கலாம்?

பதில்: வணக்கம் அம்மா. செடியை இடுப்பு உயரத்துக்கு வளர்த்திருக்கிறீர்கள் என்றால் மண்ணும் தண்ணீரும் ஓரளவு சரியாகவே இருந்திருக்கின்றன. பிசகியது இரண்டு இடத்தில்: விதை, பருவம். இலை சுருண்டது தனிச் சங்கதி, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் விதை. கடை வத்தலில் எடுத்த விதை முளைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எந்த ரகம் என்று விற்றவருக்கே தெரியாது. ஒரே மூட்டையில் பல ஊர்க் காய் கலந்திருக்கும். நிறத்துக்காக வாங்கும் பியாடகி வகை வத்தலாக இருந்தால் அதற்கு இயல்பிலேயே காரம் குறைவு. நீங்கள் எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் அது காரமாகாது. இன்னொரு சிக்கல், இன்று வயலில் விளையும் மிளகாயில் நிறைய வீரிய ஒட்டு, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. அதன் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது. எட்டுப் பையில் எட்டு விதமாக வரும்: ஒன்று நெட்டையாக, ஒன்று காய்க்காமல், ஒன்று காரமில்லாமல். காய்கறிக் கடைப் பச்சை மிளகாயை நறுக்கி விதை எடுப்பது இன்னும் வீண். அந்த விதை முற்றியிருக்காது.

அடுத்தது பருவம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் மிளகாய்க்குச் சொல்லும் விதைப்புப் பருவங்களில் ஜனவரி–பிப்ரவரியும் ஒன்றுதான். தை மாத விதைப்பு வயலுக்குப் பொருந்தும். மாடிக்கு, அதுவும் மதுரை மாடிக்கு, பொருந்தாது. தையில் விதை போட்டால் மாசி கடைசியில் நாற்றைப் பிடுங்கி நடுவீர்கள், சித்திரையில் பூக்கும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் மிளகாய்ப் பூவில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ காம்போடு கழன்று விழும். வயலில் ஈர மண்ணும் நெருங்கி நிற்கும் செடிகளும் சூட்டைத் தணிக்கும். கான்கிரீட் தளமோ பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் பூ கொட்டியதற்கு உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செடி இன்னும் பச்சையாக இருந்தால் பிடுங்க வேண்டாம். நுனிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு வையுங்கள். வெயில் தணிந்ததும் துளிர்த்துப் பூக்கும். இலை சுருண்ட மூன்றை மட்டும் தள்ளி வையுங்கள்.

சரி, எந்த ரகம்? ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கணக்குப் பார்த்துவிடுவோம். வயலில் இரண்டு அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 14,500 செடி பிடிக்கும். ஒட்டு அல்லாத ரகங்களில் நல்ல பராமரிப்போடு பச்சைக் காய் 4 முதல் 6 டன், வத்தலாகக் காய வைத்தால் ஏறக்குறைய 1 டன் கிடைக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு செடிக்குப் பச்சைக் காய் 275 முதல் 400 கிராம். வத்தல் 70 கிராம்தான். ஒரு கிலோ வத்தலுக்குப் பதினான்கு செடி வேண்டும். எட்டுப் பையை வைத்துக்கொண்டு வருஷத்து வத்தலை மாடியில் எடுத்துவிட முடியாது. ஆனால் வாரம் 100 கிராம் பச்சை மிளகாய் செலவாகும் வீட்டுக்கு நான்கு செடி ஏறக்குறைய மூன்று மாதம் போதும். ஆகவே என் யோசனை: மாடியைப் பச்சைக் காய்க்கு ஒதுக்குங்கள். தூளுக்கும் சாம்பாருக்கும் வேண்டிய வத்தலைக் காசு கொடுத்து வாங்குங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

நான்கு பையில் நீளக் காய் ரகம் வையுங்கள். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கோவில்பட்டி 1, கோவில்பட்டி 2 இரண்டுமே நம் தென் மாவட்ட வெயிலுக்குப் பழகியவை, காரமும் உண்டு. வீரிய ஒட்டு வேண்டாமா என்றால், சந்தைக்கு அனுப்புகிறவருக்கு அது வேண்டும்: காய் ஒரே அளவாக, ஒரே சமயத்தில், அதிகமாக வரும். வீட்டுக்கு அது தேவையில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நாள் காய்ப்பதும், அதிலிருந்து அடுத்த வருஷத்துக்கு விதை எடுக்க முடிவதும்தான் நமக்கு லாபம். விதையை உங்கள் பகுதி வேளாண் அறிவியல் மையத்திலோ பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டில் ரகத்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று பையில் ராமநாதபுரம் முண்டு. நீங்கள் சொல்லும் குண்டு மிளகாய் இதுதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தோல் தடிப்பு, காரம் மிதம், எண்ணெயில் போட்டதும் வாசம் தூக்கும். பச்சையாகப் பறித்தால் மோர் மிளகாய்க்கு இதைவிடப் பொருத்தமான காய் இல்லை. தடித்த தோல் உப்பையும் தயிரையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் இதை மானாவாரியாகப் புரட்டாசி, ஐப்பசியில் நேரடியாக விதைத்துவிடுவார்கள். மழையில் வளர்ந்து, மழை ஓய்ந்தபின் காய்த்து, மாசி, பங்குனி வெயிலில் காயும். அந்தக் கால அட்டவணையை மாடியிலும் மாற்றாதீர்கள். மூன்று செடியில் கிடைப்பதைப் பாதி மோர் மிளகாய்க்கு, பாதி தாளிக்க என்று பிரித்துக்கொண்டால் சரியாக இருக்கும். முண்டு விதை கிடைக்காவிட்டால் பரமக்குடி 1 கேளுங்கள். அது கோ 2 ரகத்தையும் ராமநாதபுரம் குண்டையும் சேர்த்து உருவாக்கியது, வறட்சி தாங்கும்.

எட்டாவது பைக்கு நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: காந்தாரி. இது வேறு இனம். காய் மேல் நோக்கி நிற்கும், விரல் நுனி அளவுதான் இருக்கும், காரம் சாதாரண மிளகாயைவிடப் பல மடங்கு. மற்ற மிளகாயை வருஷப் பயிராக வைப்போம்; இது இரண்டு, மூன்று வருஷம் நின்று காய்க்கும். கன்னியாகுமரிப் பக்கம் தென்னை நிழலிலேயே வளர்கிறது, அதனால் மாடியில் அரை நிழல் விழும் மூலை போதும். ஒரு வீட்டுக்கு ஒரு செடி மிச்சம். விதை முளைக்க இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். முளைக்கவில்லையே என்று மண்ணைக் கிளறிவிடாதீர்கள். கிளியும் மைனாவும் வந்து பழத்தைத் தின்னும், பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்காது.

குடை மிளகாய் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு 20, 25 டிகிரி குளுமை வேண்டும். ஓசூர், கொடைக்கானலில் அது வேறு கதை.

நீளக் காய் ரகத்தை இப்போதே, ஆடிப் பட்டத்தில் போடுங்கள். விதையை ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, குழித்தட்டில் தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் நிரப்பி ஊன்றுங்கள். நாற்று அழுகிச் சாய்வது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாவதால்தான். பூவாளியில் லேசாகத் தெளித்தால் போதும். முப்பத்தைந்து, நாற்பது நாளில் நாற்று நடவுக்குத் தயாராகிவிடும். பை பன்னிரண்டு அங்குல அகலமாவது இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய நார்க் கழிவு ஒரு பங்கு, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஐப்பசி மழையில் பை அடியில் தண்ணீர் தேங்கினால் ஒரு வாரத்தில் வேர் அழுகிவிடும்.

பூ எடுக்கும் சமயத்தில் மீன் அமிலத்தையும் கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் குறைத்துவிடுங்கள். இவை தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் செடி கரும்பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும், காய் இருக்காது. அந்தச் சமயம் பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை தெளித்தால் போதும். பூ உதிர்வதை நிறுத்த வயலில் வளர்ச்சி ஊக்கி தெளிப்பார்கள். எட்டுச் செடிக்கு அது வேண்டியதில்லை.

இப்போது இலை சுருளுக்கு வருவோம், ஏனென்றால் வீட்டு மிளகாயைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். சுருட்டை என்று ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் காரணம் மூன்று, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஓரங்கள் மேல் நோக்கி மடிந்து, இலை தோணி மாதிரி குழிந்திருந்தால் அது இலைப்பேன். ஓரங்கள் கீழ் நோக்கி வளைந்து, இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டு, குருத்து இலைகள் ஒடுங்கி இருந்தால் அது சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. இலையெல்லாம் சிறுத்து, மஞ்சள் பாய்ந்து, கணுக்கள் நெருங்கி, செடியே குட்டையாகி நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்.

இலைப்பேனுக்கு, இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு நாலைந்து சொட்டு சோப்புத் திரவம் சேர்த்து மாலையில் தெளியுங்கள், வாரம் ஒரு முறை. சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 3 கிராம், அதுவும் மாலையில்தான். உச்சி வெயில் நாட்களில் கந்தகம் இலையைக் கருக்கும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்தே கந்தகம் அடிக்க வேண்டும். வைரஸ் என்றால் வைத்தியம் கிடையாது. செடியைப் பிடுங்கி ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மிச்சச் செடிகளைக் காக்க மஞ்சள் ஒட்டுப் பொறி இரண்டு தொங்கவிடுங்கள்.

கடை மருந்து கேட்காததற்கும் காரணம் இங்கேதான் இருக்க வேண்டும். சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை. பொதுவான பூச்சிக்கொல்லி பல அதை ஒன்றும் செய்யாது. அதைத் தின்று கட்டுப்படுத்தும் நல்ல உயிர்களைக் கொன்றுவிடும், பிறகு சிலந்திப்பேன் முன்னைவிடப் பெருகும். சமையலறைக்குப் போகும் பச்சை மிளகாயில் பெயர் தெரியாத மருந்தை அடிக்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். என்ன மருந்து, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று டப்பாவில் படித்துவிட்டுத்தான் எதையும் கையில் எடுக்க வேண்டும்.

காரம் பற்றி ஒரு வார்த்தை. காரம் முக்கியமாக ரகத்தைப் பொறுத்தது. அதற்கு மேல், தினம் ஆறு மணி நேர வெயிலும், காய் முற்றும் சமயம் தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதும் உதவும். பிஞ்சாகப் பறித்தால் காரம் இராது. விதையில்தான் காரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில் இருக்கிறது. பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் காயின் காரம் மாறிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். இந்த வருஷக் காயில் மாறாது. அதன் விதையைப் போட்டு வளர்த்தால்தான் கலப்பு தெரியும்.

அதனால் விதை எடுக்க நினைக்கும் செடியில், நல்ல கிளை ஒன்றைப் பூ விரியும் முன்பே மெல்லிய வலைத் துணியால் மூடிக் கட்டுங்கள். தினமும் லேசாகக் கிளையை ஆட்டிவிட்டால் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். பிடித்தபின் துணியை எடுத்துவிட்டு, அந்தக் காய்க்கு மட்டும் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள், யாரும் பறித்துவிடாமல். செடியிலேயே நன்றாகப் பழுத்துச் சிவந்தபின் பறித்து நிழலில் உலர்த்துங்கள். கையுறை போட்டு விதையைப் பிரித்து, ரகமும் தேதியும் எழுதிய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்தால் அடுத்த ஆடிக்கும், அதற்கு அடுத்த ஆடிக்கும் முளைக்கும்.