நோயாளியின் மூச்சுக்குழாயில் டியூப் போடும்போதும் சளி எடுக்கும்போதும் நர்ஸ், டாக்டருக்கு நோய் ஒட்டாதா? என்95 மாஸ்க் போட்டால் போதாதா?

போதாது. 14 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், அதில் 5 வருடம் பிராங்கோஸ்கோபி அறையில். கேமரா வைத்த குழாயை மூக்கு வழியாக நுரையீரலுக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை அது. குழாய் தொண்டையைத் தாண்டியதும் நோயாளி இருமாமல் இருக்க மாட்டார். நாங்கள் இரண்டடி தள்ளி நிற்போம். அவருக்கு டிபியா இல்லையா என்பது ரிசல்ட் வந்த பிறகுதான் தெரியும்.

அந்த அறையில் ஒரு ஸ்ப்ளிட் ஏசி, எப்போதும் சாத்தியே கிடந்த ஒரு ஜன்னல். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும், அவ்வளவுதான். 2017இல் எனக்கே டிபி வந்தது. 6 மாதம் மாத்திரை, ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர், வீட்டில் எல்லோருக்கும் எக்ஸ்ரே, மாமியாரின் முறைப்பு வேறு. அந்த அறையில்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் மாஸ்க் போடாமல் நான் ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் வெல்ஸ், ரைலி என்ற இருவர் ஒரு டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாக மாடியில் இருந்த கினிப் பன்றிகளின் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். அவை நோயாளிகளின் பக்கத்தில்கூடப் போனதில்லை, காற்றை மட்டும்தான் சுவாசித்தன. அவற்றுக்கும் டிபி வந்தது.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது அறைக் காற்று. ஒரு அறையின் காற்று மணிக்கு 12 முறை மாறினால், மிதக்கும் கிருமியில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். 6 முறைதான் மாறுகிறது என்றால் 46 நிமிடம். நாங்களோ ஒருவர் எழுந்து போன பத்தாவது நிமிடம் அடுத்தவரைக் கூப்பிடுவோம். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். கதவு ஜன்னலைத் திறந்து வைத்த அறைகளில், அதுவும் உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்களில், மெஷின் வைத்துக் காற்றோட்டம் செய்த அறைகளைவிடக் காற்று வேகமாக மாறியது. டிபி சோதனைக்குச் சளியை வெளியே திறந்த வெளியில் போய்த் துப்பி எடுத்துவரச் சொல்வது இதனால்தான். நோயாளியை விரட்டுவதாக நினைத்துச் சிலர் கோபப்படுகிறார்கள்.

மாஸ்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்95 முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தலைக்கு ஒரு மூடாக்குப் போட்டு, உள்ளே சாக்கரின் கரைசலைத் தெளித்துப் பார்க்கும் சோதனை உண்டு. நாக்கில் இனித்தால் மாஸ்க் கசிகிறது என்று அர்த்தம். எனக்கு வேலையில் சேர்ந்து 9 வருடம் கழித்துத்தான் அதைச் செய்தார்கள். இனித்தது! என் முகம் சின்னது, வேறு வடிவ மாஸ்க்தான் சரியாக உட்கார்ந்தது. தாடி வைத்தவர்களுக்கு எதுவும் உட்காராது. காதில் மாட்டும் ரகத்தைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை வரும் ரகம் நல்லது. கண்ணாடி போட்டவர்களுக்கு ஆவி படிந்தால் மூக்கருகே கசிகிறது.

டியூப் போடுவதைப் பற்றி ஒரு வேடிக்கை. 2020இல், கொரோனா நேரத்தில், இருமல் துளி டாக்டர் மேல் படாமல் இருக்க நோயாளியின் தலைக்கு மேல் கவிழ்க்க ஒரு அக்ரிலிக் பெட்டி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? தைவான் டாக்டர் ஒருவரின் யோசனை. எங்களுக்கும் யாரோ நன்கொடையாகத் தந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஓட்டைக்குள் கையை விட்ட அனஸ்தீசியா டாக்டர், "சிஸ்டர், இதை எடுத்துடுங்க, மணிக்கட்டைத் திருப்பவே முடியல" என்றார். பெட்டி வைத்தால் டியூப் போட அதிக நேரம் ஆகிறது, கவுன் கையும் கிழிகிறது, சில நேரம் துகள் டாக்டர் முகத்துக்கே திரும்புகிறது என்று ஆஸ்திரேலியாவில் செய்த சோதனைகளில் தெரிந்தது. இப்போது அது ஸ்டோரில் பழைய கேஸ் ஷீட்டுக்கு மூடி.

உண்மையில் உதவுபவை கண்ணுக்கு எடுப்பாகவே இருக்காது. தசைத் தளர்வு மருந்து முழுதாக வேலை செய்யும்வரை பொறுப்பது, ஏனென்றால் அப்போது நோயாளி இரும மாட்டார். ஆம்பு பேக்கை, அதாவது கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பையை, முடிந்தவரை அழுத்தாமல் இருப்பது, அழுத்தினாலும் நடுவில் ஃபில்டர். டியூபைச் சுற்றியுள்ள சின்ன பலூனை (கஃப்) ஊதிய பிறகே வென்டிலேட்டர். அனுபவசாலி ஒருவரே டியூப் போடுவது, அறையில் தேவையான ஆட்கள் மட்டும்.

எங்கள் அறைக்குக் கடைசியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது, நோயாளியின் தலைப்பக்கச் சுவரில். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து அவரைத் தாண்டி வெளியே போக வேண்டும். வாரம் ஒருமுறை, நோயாளி இல்லாத நேரத்தில், ஆக்சிஜன் லைனை மூடிவிட்டு, வாசலில் ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். முதல் தடவை பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணா, "என்ன சிஸ்டர், இன்னைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே?" என்றார். அன்றைக்குப் புகை எங்கள் பக்கம்தான் வந்தது. ஃபேனை முன்பின் மாற்றி மாட்டியிருந்தார்.