குரோம் மேல் குரோம்: பட்டறைக் கேள்வி பதில்

ரங்கூனில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். முலாம் போட்ட பாகங்கள் உரசிக் கடித்துக்கொள்வது பற்றிக் கேட்கலாம்.

கேள்வி (மோல்மீன்): அண்ணே, படகில் புது எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட், எஸ்எஸ் நட். பாதி ஏறியதும் நின்றுவிட்டது. கழற்றவும் முடியவில்லை. துருவா?

பதில்: புதுசில் ஏது துரு? இது கடி. எஸ்எஸ் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுத் தோல் ஒன்று உண்டு, துருவைத் தடுப்பதே அதுதான். மரையோடு மரை அழுத்தி உரசும்போது அது உரிந்து, உள்ளே இருக்கிற பச்சை உலோகம் ஒன்றோடொன்று பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பிய்ந்த துணுக்கு அடுத்த மரையை உழுகிறது. ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் ஓடும் முடுக்கி) ஏற்றினீர்கள்தானே? கன் வேண்டாம். நிக்கல் பேஸ்ட் (நிக்கல் தூள் கலந்த மசகு) தடவிக் கையால் மெதுவாக ஏற்றுங்கள். முறுக்கையும் குறையுங்கள், வழுக்கும் மரையில் அதே முறுக்குக்கு போல்ட் கூடுதலாக இழுபடும். இப்போது மாட்டியதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி (ரங்கூன்): கதவுக் கீல் கீச்சிடுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய் அது. மார்கழிக் காலையில் கீலுக்குள் மெழுகாக நிற்கும். கிரீஸ் வையுங்கள்.

கேள்வி (பெகு): அரிசி ஆலை ஷாப்ட்டுக்கு ஹார்டு குரோம் (கெட்டியான குரோம் முலாம்) போட்டேன். புஷ்ஷின் (ஷாப்ட் உள்ளே சுழலும் குழல்) உள்பக்கமும் குரோம் போட்டால் இரட்டைக் கெட்டிதானே?

பதில்: இரட்டைத் தொல்லை. ஒரே உலோகம் இரண்டு பக்கமும் இருந்தால் ஒட்டும் ஆசை அதிகம். ஒன்று கெட்டி, மற்றது வேறு இனமாக, கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டும். ஷாப்ட்டில் குரோம், புஷ் வெண்கலம். தேய்ந்தால் புஷ் தேயட்டும், அதை மாற்றுவது எளிது.

கேள்வி (அதே பெகு): ஏற்க முடியாது ஐயா. குரோம் அவ்வளவு கெட்டி. கெட்டியும் கெட்டியும் உரசினால் எது தேயும்?

பதில்: கெட்டி வேறு, ஒட்டாமை வேறு. இன்ஜினையே பாருங்கள். சிலிண்டரில் குரோம் போட்டால் பிஸ்டன் ரிங் வெறும் வார்ப்பிரும்பு. ரிங்கில் குரோம் போட்டால் சிலிண்டரில் குரோம் கிடையாது. இரண்டிலும் போட்டால் எண்ணெய்ப் படலம் அறுந்த கணத்தில் இரண்டும் சேர்ந்து கீறிக்கொள்ளும். என் பட்டறையிலேயே ஒருவர் பிடிவாதமாக இரண்டு பக்கமும் போடச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன். ஷாப்ட் திரும்பி வந்தது. விரல் நகத்தை ஓட்டினால் தட்டித் தட்டி நிற்கும் அளவுக்குக் கோடுகள். புஷ் அதன் மேலேயே இறுகிக் கிடந்தது, பிரஸ்ஸில் வைத்துத்தான் தள்ளினேன்.

கேள்வி (தட்டோன்): நானும் பெகு அண்ணன் பக்கம். எண்ணெய் நிறைய விட்டால் போதாதா?

பதில்: எண்ணெய் ஓடும்வரை போதும். கரண்ட் போய் மில் நின்று, மறுபடி கிளம்பும் அந்தச் சில விநாடி யார் விடுவார் எண்ணெய்? இந்த வழக்கு முடிந்தது.

கேள்வி (ரங்கூன்): ஜிங்க் பூசிய போல்ட்டில் நட் இறுக்கமாக ஏறுகிறது.

பதில்: பூச்சின் கனம் மரையின் இரு சரிவிலும், இரு பக்கமும் ஏறும். 60 டிகிரி மரையில் 8 மைக்ரான் பூசினால் மரையின் நடுவிட்டம் (மரைச் சரிவின் நடுவில் அளக்கும் விட்டம்) 32 மைக்ரான் கூடும். பூசுவதற்கு முன்பே இடம் விட்டு வெட்ட வேண்டும். கன்னால் அடித்து ஏற்றாதீர்கள்.

கேள்வி (மோல்மீன்): கோயில் தேரின் பித்தளைத் தகடு கறுக்கிறது.

பதில்: அது உரசல் இல்லை. பாத்திரக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி (ரங்கூன்): எஸ்எஸ் நட் பாதியில் நின்றுவிட்டது...

பதில்: மேலே முதல் பதிலைப் படியுங்கள். கன்னைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.