கண்ணாடிப் பூட்டும் திண்டுக்கல் பூட்டும்

அன்புள்ள அண்ணா,

சாவியில்லாமல் பூட்டுத் திறக்கும் பொழுதுபோக்கைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஆன்லைனில் ஒரு கம்பி செட் வாங்கினேன். கூடவே உள்ளே எல்லாம் தெரிகிற கண்ணாடிப் பூட்டு ஒன்றும் வந்தது. இரண்டே நாளில் அதைப் பத்து விநாடியில் திறக்கப் பழகிவிட்டேன். அந்தத் தைரியத்தில் கடைக்குப் போய் 'நிஜப் பூட்டு' என்று ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கிவந்தேன். மூன்று வாரமாகிறது, அசையவில்லை. உள்ளே 'பின்' என்கிற சின்ன உலோகக் குச்சிகள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. வீடியோக்களில் காட்டுகிற மாஸ்டர் லாக் 3 என்ற தொங்கு பூட்டு இங்கே எனக்குக் கட்டுபடியாகாது. அடுத்து என்ன பூட்டு வாங்கலாம்? அப்பா வேறு 'இது என்ன திருட்டுத் தொழில்' என்கிறார். பெயர் போட வேண்டாம்.

கல்லூரி மாணவர், ஈரோடு

அன்புள்ள தம்பிக்கு,

உள்ளே பின் இருக்கிற மாதிரி தெரியவில்லை என்கிறீர்களே, உங்கள் விரல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதில் பின் கிடையாது. பாரம்பரியத் திண்டுக்கல் பூட்டு லீவர் பூட்டு. உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் எல்லாத் தகட்டின் வெட்டும் ஒரே நேராக வந்து தாழ் நகர வழிவிடும். நீங்கள் வாங்கிய கம்பி செட் பின் பூட்டுக்கானது. அதில் சாவியோடு சுழல்கிற உள்ளுருளையின் துளைகளில் மேல்பின், கீழ்பின் என்று ஜோடி ஜோடியாகப் பின்கள் இருக்கும், ஸ்ப்ரிங் அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஜோடியும் பிரிகிற இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்பதைத்தான் பின் 'உட்காருகிறது' என்கிறோம். எல்லாம் உட்கார்ந்தால் உருளை திரும்பும். ஸ்க்ரூடிரைவரை வைத்து நட்டைக் கழற்றப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்த முறை கடையில் சாவியைப் பாருங்கள். உருண்டைத் தண்டும் நுனியில் கொடி மாதிரி ஒரு தகடும் இருந்தால் லீவர். தட்டையாக, ஒரு விளிம்பில் பல் வெட்டியிருந்தால் பெரும்பாலும் பின். பல்லுக்குப் பதில் பக்கவாட்டில் குழி குழியாக இருந்தால், கடைக்காரர் பெருமையாகக் 'கம்ப்யூட்டர் சாவி' என்பார். அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

கண்ணாடிப் பூட்டுக்கு வருகிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு மாலை முழுக்கப் பார்த்துப் புரிந்துகொள்ள அது நல்ல பொருள். அதற்குமேல் கெடுதல். அதைத் திறந்தது உங்கள் கண், கை அல்ல. நம்பிக்கையில்லை என்றால் கருப்பு இன்சுலேஷன் டேப்பை அதன்மேல் சுற்றிவிட்டுத் திறந்து பாருங்கள்.

மாஸ்டர் லாக் 3 வாங்க முடியவில்லை என்று வருந்த ஒன்றுமில்லை. தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்த உடம்பு, உள்ளே 4 பின். தளர்வான பூட்டு. அலையலையான கம்பியை உள்ளே விட்டு நாலு இழுப்பு இழுத்தால் பல நேரம் திறந்துகொள்ளும். சந்தோஷமாக இருக்கும், ஆனால் எந்தப் பின் எப்போது உட்கார்ந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

என் சிபாரிசு தொங்கு பூட்டே இல்லை. ஹார்டுவேர் கடையில் கதவுப் பூட்டுக்குப் போடுகிற பித்தளை சிலிண்டர் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஒரு பக்கம் சாவி போடுகிற, 5 பின் உள்ள, சாதாரணப் பல் சாவி சிலிண்டராகக் கேளுங்கள். பிராண்டு முக்கியமில்லை. கழற்றி மாட்ட முடிய வேண்டும், அதுதான் முக்கியம்.

பின்பக்கம் சர்க்ளிப் என்கிற, வாய் திறந்த வளையக் கிளிப் ஒன்று இருக்கும். அதை நெம்பி எடுத்துவிட்டு, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, உள்ளுருளையை மெதுவாக முன்னால் இழுக்க வேண்டும். இழுக்கும்போதே பின்னாலிருந்து அதே தடிமனுள்ள, சீவிய மரக்குச்சியை இடைவெளியில்லாமல் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இடைவெளி விட்டீர்களானால் மேல்பின்களும் ஸ்ப்ரிங்குகளும் தெறிக்கும். எனக்குத் தெறித்த ஒரு ஸ்ப்ரிங், அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது புளி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது. விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் பழைய துண்டை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள்.

கழற்றியதும் ஒரே ஒரு ஜோடி பின்னை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்து டப்பாவில் போடுங்கள். பூட்டைத் திரும்ப மாட்டித் திறங்கள். சிரிப்பு வரும், அவ்வளவு சுலபம். ஆனால் கம்பி நுனியில் அந்தப் பின் உட்காருகிற சின்ன 'டிக்' இருக்கிறதே, அதை வேறு சத்தம் எதுவும் கலக்காமல் கேட்பது அப்போதுதான். பிறகு இரண்டு பின். இங்கேதான் விஷயமே. உருளையில் துளை போடுகிறபோது எந்த மெஷினும் எல்லாத் துளையையும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் போடாது. நீங்கள் செட்டிலுள்ள முறுக்குக் கம்பியால் உருளையை லேசாகத் திருப்பினால், அதிகம் விலகிய துளையிலுள்ள பின் முதலில் இறுகும். மற்றது ஸ்ப்ரிங்கில் துள்ளிக்கொண்டிருக்கும். இறுகியதைத் தூக்கினால் உட்காரும், அடுத்தது இறுகும். தொழிற்சாலையின் அந்தப் பிசகுதான் நம் பொழுதுபோக்கு. இரண்டில் இந்த வரிசை கைக்குப் பிடிபட்டால் மூன்று, நான்கு, ஐந்து என்று ஏற்றுங்கள். சந்தேகம் வந்தால் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வசதி தொங்கு பூட்டில் பெரும்பாலும் கிடையாது.

சில சிலிண்டர்களில் மேல்பின் நூற்கண்டு மாதிரி இடுப்பு சிறுத்திருக்கும். உருளை கொஞ்சம் திரும்பி, திறந்துவிட்டது போல் ஏமாற்றி நிற்கும். கழற்றும்போது அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தனியாக எடுத்துவையுங்கள், ஆறு மாதம் கழித்து அதோடு மல்லுக்கட்டலாம்.

வீட்டுக் கதவில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன். வெளியே நின்று திறந்துவிட்ட பெருமிதத்தில் உருளையைச் சாவியில்லாமல் அரைச்சுற்று திருப்பினேன். மேல்பின்கள் சாவித்துளையின் அடிப்பக்கத் திறப்புக்குள் இறங்கிவிட்டன. உருளை முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. என் மனைவி காய்கறிப் பையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்க, ஆள் வந்து டிரில் போட்டுத்தான் கதவைத் திறந்தார். சொந்தப் பூட்டு, அதுவும் எதையும் காக்காமல் மேசைமேல் கிடக்கிற பூட்டு. அதில் மட்டும் பழகுங்கள்.

அப்பாவுக்கு 1851 லண்டன் கண்காட்சிக் கதையைச் சொல்லுங்கள். ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், சப் என்ற ஆங்கிலேயப் பூட்டுக் கம்பெனியின் புகழ்பெற்ற லீவர் பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். பிறகு பிராமா என்ற லண்டன் பூட்டுக் கடையின் சவால் பூட்டு. திறப்பவருக்கு 200 கினி (அன்றைய ஆங்கிலேயப் பணம்) பரிசு என்று பிக்காடில்லித் தெருவில் பல பத்தாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது அது. 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் செலவழித்து அதையும் திறந்தார். பட்டப்பகலில், சாட்சிகளை வைத்துக்கொண்டு, பூட்டுக்காரர்களுக்குத் தெரிவித்துவிட்டுச் செய்த வேலை. லண்டன் பத்திரிகைகள் கூச்சல் போட்டன, பூட்டு செய்பவர்கள் பூட்டைத் திருத்தினார்கள். அப்பா சமாதானமாகாவிட்டால் சிலிண்டரைக் கழற்றி மாட்டும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள், ஸ்ப்ரிங் தேட ஆள் வேண்டும்.

சப்பின் பூட்டும் உங்கள் திண்டுக்கல் பூட்டும் ஒரே ஜாதி என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதனால் அந்தப் பூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது. கம்பியை விட்டுக் குடைந்ததில் தகடு எதுவும் வளையவில்லையே என்று சாவி போட்டு நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். சிக்காமல் சுழன்றால் மொட்டை மாடிக் கதவுக்குப் போட்டுவிடலாம்.