தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறேன். மற்றவர்களோடு ஒட்ட முடியுமா என்று பயமாக இருக்கிறது. இதிலிருந்து எப்படி மீள்வது?

தம்பி, உங்கள் கேள்வியில் ‘விடுதியில் சேர்கிறேன், என் ஊரிலிருந்து யாரும் வரவில்லை, ஒரு வாரமாகத் தூக்கமில்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2009-ல் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரிக்குத் தகரப் பெட்டியோடு போனவன் நான். அதனால் பதில் சொல்லக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

முதலில் ஆங்கிலம். அதைப் பற்றித்தான் நான் அதிகம் பயந்தேன், அதுதான் சீக்கிரம் தீர்ந்தது. முதல் செமஸ்டர் கணக்கில் முதல் யூனிட்டே மேட்ரிக்ஸ். ஆசிரியர் ‘டிட்டர்மினன்ட்’, ‘டிட்டர்மினன்ட்’ என்று பத்து நிமிடம் பேசினார். எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு கரும்பலகையில் இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டு நடுவே எண்களை எழுதினார். அட, நம் அணிக்கோவை! பன்னிரண்டாம் வகுப்பில் நூறு முறை போட்ட கணக்கு. பெயர்தான் புதிது. அன்றிரவே நோட்டின் கடைசிப் பக்கங்களில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுத ஆரம்பித்தேன். தீபாவளிக்குள் அந்த நோட்டு தேவைப்படவில்லை. பேச்சு ஆங்கிலம் வர இரண்டு வருடம் பிடித்தது, அது வேறு கதை. ஆனால் விடுதியில் பல் தேய்க்கும்போதும் பக்கெட் வரிசையிலும் எல்லோரும் பேசியது தமிழ்தான்.

ஒட்டாமல் போனதற்குக் காரணம் ஆங்கிலம் இல்லை, நான் ஒளிந்துகொண்டதுதான். இரவு ஏழு மணிக்கு மெஸ் திறக்கும். கூட்டம் எட்டு மணிக்குத்தான் வரும். நான் ஏழு மணிக்கே போய்ப் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். சப்பாத்தி சூடாக இருக்கும் என்பது வெளியில் சொன்ன காரணம். தட்டை எடுத்துக்கொண்டு எந்த மேசையில் உட்காருவது என்று எல்லோர் முன்னாலும் விழித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதுதான் உண்மைக் காரணம்.

அதே ஏழு மணிக்கு இன்னொருவனும் வருவான். கை கழுவும் இடத்தை ஒட்டிய மேசையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவான். சென்னைப் பையன், மெட்ரிகுலேஷன், ஆங்கிலம் அருவி மாதிரி கொட்டும். மூன்று வாரம் காலியான அந்த ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருநாள் தயிர் வாளி வரவில்லை. “தயிர் வராதா?” என்று கேட்டான். “வரும்” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அறைக்கு வந்து, இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கலாமே, மடையன் மாதிரி ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டேனே என்று அரைமணி நேரம் என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் அவனாகவே தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

அவன் அறையில் நான்கு கட்டில். மற்ற மூவரும் நாமக்கல் பக்கம் ஒரே விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படித்தவர்கள், கூட்டமாகவே சாப்பிட வருவார்கள். அவர்களோடு வந்தால் நான்காவது ஆளாகத் தொங்க வேண்டும் என்றுதான் அவன் ஏழு மணிக்கு ஓடி வந்திருக்கிறான். ஒருநாள் கேட்டேன், “மூன்று வாரமாக ஏன் பேசவில்லை?” அவன் சொன்னான்: “உன்னைப் பார்த்தால் யாரும் வேண்டாம் என்று இருக்கிறவன் மாதிரி இருந்தது. திமிர் பிடித்தவன் என்று நினைத்தேன்.” எனக்குத் திமிராம்! கூச்சம் வெளியே அப்படித்தான் தெரிகிறது, தம்பி.

பேசி முடித்த பிறகு ‘நம்மை அவனுக்குப் பிடித்திருக்காது’ என்று நினைப்பது எல்லோருக்கும் உள்ள வியாதி. 2018-ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு இதைத்தான் சொன்னது: புதியவரோடு பேசியவர்கள், எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஒரே விடுதியில் தங்கிய முதலாண்டு மாணவர்களிடம் இந்த நினைப்பு பல மாதம் நீடித்ததாம். அதே ஆண்டு அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் வெளியிட்ட கணக்கு ஒன்றும் உண்டு. அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். மெஸ்ஸில் ஒருவரோடு தினமும் 40 நிமிடம் என்று வைத்தால் 50 மணி நேரம் சேர 75 நாள். ஆகஸ்டில் சேர்ந்துவிட்டு செப்டம்பரில் ‘எனக்கு இன்னும் நண்பனே இல்லை’ என்று அழுதால் கணக்கு தப்பு.

ஆகவே சாமர்த்தியமாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மணி நேரம் சேர்கிற இடத்தில் இருந்தால் போதும். கூட்டம் வரும் நேரத்துக்கே சாப்பிடப் போங்கள். அறைக் கதவைத் திறந்து வையுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்திலோ ஏதாவது விளையாட்டிலோ சேருங்கள், அங்கே வேலையே பேச்சை இழுத்துவரும். மற்றவர்களைப் பார்த்துச் சட்டை, ஷூ வாங்க வேண்டாம். அப்பா அனுப்பிய பணத்தில் நான் ஒரு ஜீன்ஸ் வாங்கினேன், யாரும் கவனிக்கவில்லை, இடுப்பு மட்டும் வலித்தது.

ராகிங் இந்தக் கணக்கில் வராது. ‘ஒட்டிப்போக வேண்டும்’ என்று அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, சிறைத் தண்டனையும் உண்டு. தேசிய உதவி எண் 1800-180-5522. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், சாப்பாடு இறங்காவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, ஊருக்குப் போவது. முதல் மாதம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசி வகுப்பு முடிந்ததும் உக்கடத்துக்கு ஓடிப் பழநி பஸ்ஸைப் பிடித்தேன். திங்கட்கிழமை காலையில் வகுப்பில் எல்லோரும் எதற்கோ சிரிப்பார்கள், எனக்கு விளங்காது. அது ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தாக இருக்கும். பிள்ளைகள் சேர்வது சனி, ஞாயிறில்தான் என்று புரிய ஐந்து வாரம் ஆனது.

ஆறாவது வாரம் போகவில்லை. சனிக்கிழமை காலை துணி துவைக்கும் கல்லருகே நின்றபோது பக்கத்து அறைப் பையன் சோப்புத்தூள் கேட்டான். கொடுத்தேன். மாலையில் அவன், தயிர்க்காரன், நாமக்கல் மூவர், நான், ஆறு பேரும் மருதமலைக்குப் போனோம். படியேறி மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். “இந்த வாரம் வரவில்லை, இனிமேல் மாதம் ஒருமுறைதான்” என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அப்போ உனக்கென்று எடுத்து வைத்த முருங்கைக்காயைச் சந்தைக்குப் போட்டுவிடட்டுமா?”