பவளமாலையின் பூர்வீகம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பத்தா விட்டுச்சென்ற பவளமாலை ஒன்று என்னிடம் இருக்கிறது. இருநூறு வருடப் பழையது, மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். நகைக்கடையிலோ ‘இத்தாலிப் பவளம்’ என்கிறார்கள். எதை நம்புவது? சரடு நைந்துவிட்டதால் மெருகேற்றிப் புதிதாகக் கோக்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: பவளம் பிறந்த கடலைப் பொறுத்தவரை, கடைக்காரர் சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது. மன்னார் வளைகுடாவில் உள்ளவை பாறைகளை எழுப்பும் கல்பவளங்கள். உயிர் போனதும் அவை சுண்ணாம்பாக வெளுத்துவிடும். உள்ளும் புறமும் சிவந்து, கடைந்து மெருகேற்ற இடங்கொடுக்கும் நகைப்பவளம் வேறு இனம். நம் பழைய நகைகளில் இருப்பது பெரும்பாலும் சார்டீனியா, சிசிலி, துனீசியா, அல்ஜீரியா கரைகளையொட்டி மத்தியதரைக் கடலில் எடுக்கப்பட்டதுதான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்து யூத வணிகர்கள் அதை லிஸ்பன் வழியாகக் கோவாவுக்கும் லண்டன் வழியாகச் சென்னைக்கும் அனுப்பி, ஈடாக வைரம் வாங்கினார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கும் பவளக்காரத் தெருவின் பெயர் அந்த வணிகத்தின் எச்சம். ஆகவே ‘இத்தாலிப் பவளம்’ என்று கேட்டதும் உங்கள் மாலை நேற்று வந்த சரக்கோ என்று மனம் வருந்த வேண்டாம்.

வயதுக்கு வருவோம். இருநூறு வருடம் என்பதை நிறமே ஓரளவு சோதித்துச் சொல்லிவிடும். சிசிலியின் ஷாக்கா ஊருக்கு அப்பால், கடலடியில் மடிந்து குவிந்துகிடந்த பவளம் 1875 முதல் 1880 வரையில் மூன்று இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டது; வெளிறிய செம்மஞ்சள் நிறமுடைய அந்தப் பவளம் ஏராளமாக வந்து குவிந்ததால் விலையும் சரிந்தது. உங்கள் மணிகள் அந்தச் சாயலில், அங்கங்கே கருமை ஓடியவையாக இருந்தால், 1875க்கு முந்தைய மாலை என்று சொல்லத் தயங்குவேன். அடர்சிவப்பு மணியின் நடுவே வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது ஜப்பானியப் பவளமாக இருக்கலாம். 1868க்குப் பிறகே அது வெளிநாட்டுச் சந்தைக்குப் பெருமளவில் வந்தது.

இனி, ஒரு மணியை உருப்பெருக்கி வழியே பாருங்கள். அசலானால், பவளக் கிளை வளர்ந்த திசையில் மயிரிழை போன்ற வரிகள் நெருக்கமாக ஓடும். கையால் இரு பக்கமிருந்தும் துளையிட்ட மணியானால், துளைகள் நடுவில் சற்று விலகிச் சந்திப்பதுண்டு. பல்லாண்டு அணிந்த மாலையில் மணிகள் ஒன்றோடொன்று உரசி, துளையின் வாய் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். மெருகேற்றினால் முதலில் அழிவது இந்தத் தேய்மானம்தான், தயவுசெய்து மெருகேற்றாதீர்கள்.

சரடு மாற்றுவதில் தவறில்லை. ஆனால் ஆசாரியிடம் கொடுப்பதற்கு முன்பே மணிகளின் வரிசையையும் முடிச்சையும் முகப்பின் பின்புறத்தையும் படமெடுத்து, கழற்றிய சரட்டை ஓர் உறையிலிட்டுத் தேதி எழுதி வையுங்கள். மணி எந்தக் கடலில் பிறந்தது என்பதை வல்லுநர் சொல்லலாம். அது யார் கழுத்தில் இருந்தது என்பதை வீட்டுக் காகிதம்தான் சொல்ல முடியும். திருமணச் சீர் எழுதிய சிட்டை, அடகுச் சீட்டு, பழைய புகைப்படம் ஆகியவற்றைத் தேடுங்கள். வீட்டிலுள்ள மூத்த ஆச்சி சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். இவை இல்லாத மாலைக்கு ‘செட்டிநாட்டுப் பழமை’ என்று விற்பவர் வைக்கும் பெயர் வெறும் பேச்சு.

கேள்வி: எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அசல் பவளம் என்கிறார்களே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: செய்யவே வேண்டாம். பவளம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால் நுரைக்கத்தான் செய்யும். சாயமேற்றிய சங்கும், மூங்கில்போலக் கணுக்கள் கொண்ட வேறு இனமான மூங்கில் பவளமும் அதே பொருளால் ஆனவை, அவையும் நுரைக்கும். போலியைப் பிரித்தறிய உதவாத இந்தச் சோதனை, அசலின் மெருகை மட்டும் அரித்துவிடும். ரத்தினச் சோதனைக் கூடத்தில் காட்டுவதே நல்லது. வீட்டில் ஈரத்துணியால் துடைத்து, வியர்வையும் வாசனைத் திரவியமும் படாமல், தனித் துணிப்பையில் வையுங்கள். பவளம் மென்மையானது, பக்கத்தில் கிடக்கும் வைரக் கம்மல் அதைக் கீறிவிடும்.