துணைக்கு ஆள் அனுப்புற கம்பெனி நடக்குமா? காசு கட்டுறது யாருன்னு மொதல்ல பாருங்க

மேலூர் பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "சார், மதுரையில ஒரு லேப்ல சாம்பிள் எடுக்குற வேலை பாக்குறேன். ஆஸ்பத்திரிக்கு தனியா வர்ற வயசானவங்களுக்கு துணைக்கு ஆள் அனுப்புற கம்பெனி ஆரம்பிக்கலாம்னு ஒரு ஐடியா. வீட்ல சொன்னா, இதுக்கெல்லாம் எவன்டா காசு குடுப்பான், சொந்தக்காரன் வரமாட்டானான்னு சிரிக்கிறாங்க. ஆப் பண்ண மூணு லட்சம் கேக்குறாங்க. இறங்கலாமா?"

இறங்கலாம் தம்பி. ஆனா அந்த மூணு லட்சத்த இப்போதைக்கு யார் கையிலயும் குடுத்துறாதீங்க, ஒரு போன், ஒரு வாட்ஸ்அப் நம்பர், ஒரு நோட்டு, ஆரம்பிக்க அம்புட்டு போதும்.

"எவன் காசு குடுப்பான்"னு வீட்ல கேட்டாங்கள்ல, அது நல்ல கேள்வி. பதில்தான் உங்க வீட்ல கிடைக்காது, ஏன்னா உங்க வீட்ல கூப்பிட்ட உடனே ஓடிவர நீங்க இருக்கீங்க. உசிலம்பட்டியில அப்பா, துபாய்ல பையன், பெங்களூர்ல பொண்ணுன்னு இருக்குற வீட்ல போய் கேளுங்க. அப்பாட்ட கேட்டா "நானே பஸ் ஏறி போயிட்டு வந்துருவேன், எதுக்கு தண்டச்செலவு"ம்பாரு, அத கேட்டு மனச விட்டுறாதீங்க. துணை வேண்டியது அவருக்கு, ஆனா காசு கட்டப்போறது பையன், துபாய்ல உக்காந்துக்கிட்டு டாக்டர் என்ன சொன்னாரோன்னு தவிச்சுட்டு இருக்கறது அந்தப் பையன்தான்.

இப்படி பலன் ஒருத்தருக்கு, காசு இன்னொருத்தர்ட்டன்னு பிரிச்சு யோசிக்கிறது மதுரைக்கு புதுசு கிடையாது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில ரிட்டயர் ஆகி 1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சாரு, அப்ப அவருக்கு வயசு 58. குடுக்க முடிஞ்சவங்க கட்டுற பணத்துல முடியாதவங்களுக்கு இலவச ஆபரேஷன்னு சொன்னா அன்னைக்கு யாரு நம்பியிருப்பா? கண்ணுக்குள்ள வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகலன்னதும் 1992ல அரோலேப் ஆரம்பிச்சு லென்ஸ தாங்களே செய்ய ஆரம்பிச்சாங்க. அது அறக்கட்டளை, உங்களோடது லாபத்துக்கான கம்பெனி, ஆனா காசு எந்தப் பக்கம் இருந்து வருதுன்ற கணக்க அங்க இருந்து நீங்க எடுத்துக்கலாம்.

ரெண்டாவது விஷயம் பயம். விசித்திரமான ஐடியா பூரா ஏதோ ஒரு பயத்துலதான் முட்டிக்கிட்டு நிக்கும். வீட்ல இருக்குற ரூம வெளியாளுக்கு ஆன்லைன்ல வாடகைக்கு விட வழி பண்ற ஏர்பிஎன்பிய 2007ல சான் பிரான்சிஸ்கோவுல ஆரம்பிச்சப்ப, முன்னபின்ன தெரியாத ஆள வீட்ல படுக்க வைக்கிறதாவதுன்னுதான் கேட்டாங்க, 2008ல பணம் கேட்டுப்போன இடத்துல எல்லாம் கைய விரிச்சுட்டாங்க. நியூயார்க்ல புக்கிங் ஏன் தேறலன்னு பாத்தா வீட்டு போட்டோ எல்லாம் மட்டமா இருந்துச்சு, 2009ல அவங்களே வீடு வீடா போய் நல்ல போட்டோ எடுத்துப் போட்டாங்க, புக்கிங் ஏறுச்சு. சாப்ட்வேர் தீர்க்காதத ஆளா நேர்ல போய் தீர்த்தாங்க.

உங்க விஷயத்துல பயம் என்னன்னா, தெரியாத பய கூட அப்பாவ எப்படி அனுப்புறது. அதுக்கு அனுப்புற ஒவ்வொரு ஆளுக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் எடுங்க, தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே அப்ளை பண்ணலாம். அடுத்த தடவையும் அதே ஆளையே அனுப்புங்க. பெரியம்மாக்களுக்கு பொம்பளைப் பிள்ளைகளையே அனுப்புங்க, இதுல சமரசமே வேணாம்.

வேலை எப்படி இருக்கணும்னா, முத நாள் சாயங்காலமே போன் பண்ணி வெறும் வயித்துல வரணுமா, பி.பி. மாத்திரை போடலாமான்னு அந்த ஆஸ்பத்திரியிலயே கேட்டு வச்சுக்கணும், வெள்ளனே போய் மஞ்சப்பையில கெடக்குற பழைய ஸ்கேன், ஈசிஜி, சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கணும், டோக்கன் போட்டுட்டு உள்ள போறப்ப டாக்டர்ட்ட அனுமதி கேட்டு பையனுக்கு போன் போட்டு பேச வைக்கணும். கண் ஆஸ்பத்திரின்னா கண்ணுப் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டா சில மணி நேரத்துக்கு பார்வை மங்கலாத்தான் இருக்கும், அந்த நேரத்துல பெரியவர் தனியா ரோட்ட கடக்கக் கூடாது, துணையோட அருமை அங்கதான் தெரியும். வீட்ல விட்டதும் மாத்திரை எது நின்னுச்சு, எது புதுசு, அடுத்து எப்ப வரணும்னு ஒரே மெசேஜ்ல பையனுக்குப் போகணும், அந்த மெசேஜுக்குத்தான் அவரு திரும்பத் திரும்ப காசு கட்டுவாரு.

செய்யக்கூடாததும் இருக்கு. ஆபரேஷன் சம்மதப் படிவத்துல உங்க ஆளு சொந்தக்காரன் மாதிரி கையெழுத்து போடவே கூடாது. ஊசி, மருந்து விஷயத்துல கை வைக்கக்கூடாது. ஆஸ்பத்திரியிலயோ லேப்லயோ கமிஷன் வாங்கவே வாங்காதீங்க, நீங்க லேப் ஆளுங்கிறதால இத அழுத்தி சொல்றேன், ஒரு தடவை வாங்கிட்டா நீங்க யாருக்கு வேலை பாக்குறீங்கன்னு குடும்பத்துக்கு சந்தேகம் வந்துரும், அப்புறம் மதுரை பூரா பேச்சு பரவிரும்.

ரேட்ட மணிக்கணக்குல வைக்காதீங்க. பெரியாஸ்பத்திரி க்யூ எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்? அரை நாள், முழு நாள்னு வைங்க, கூட வர்ற ஆள் சம்பளம், ஆட்டோ, சாப்பாடு, உங்க நேரம் எல்லாம் போக மிஞ்சுதான்னு பாருங்க. முத ஆள்ட்டயே காசு வாங்குங்க, ஓசியில செஞ்சா ஆகா ஓகோன்னுதான் சொல்வாங்க, அத வச்சு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது.

பதிவு விஷயம் சுருக்கமா: சிறு தொழிலுக்கான மத்திய அரசோட உத்யம் பதிவு இலவசம், ஆதார் வச்சு ஆன்லைன்லயே போடலாம், எவனாவது காசு கேட்டா குடுக்காதீங்க. சேவைத் தொழில்னா வருஷ வரவு 20 லட்சத்த தாண்டும்போது ஜிஎஸ்டி. தனி ஆள் பேர்ல நடத்துற தொழிலுக்கு மத்திய அரசோட ஸ்டார்ட்டப் அங்கீகாரம் கிடைக்காது, பிரைவேட் லிமிடெட், எல்எல்பி, பதிவு பண்ணுன பார்ட்னர்ஷிப் மாதிரி ஒண்ணா இருக்கணும். அதுக்கு இப்ப அவசரம் இல்ல. லேப் வேலைய விடாம லீவு நாள்ல மூணு மாசம் பண்ணிப் பாருங்க. நீங்க கூப்பிடாமலே அதே பிள்ளைங்க அடுத்த செக்கப்புக்கு போன் பண்றாங்களா, அவங்க சொல்லி வேற வீடு வருதான்னு நோட்டுல எழுதிட்டே வாங்க, அது வந்துச்சுன்னா கம்பெனிய பதிவு பண்ணிட்டு அந்த நோட்டோட புதுக் கம்பெனிகளுக்கு உதவுற தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்டப் டிஎன் மதுரை ஆபீஸ்ல போய், ஆரம்ப கட்டத்துல குடுக்குற டான்சீட் விதை நிதி பத்தி கேளுங்க.