கட்டணம் பாக்கி: கேஸ் கட்டைத் தராமல் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நானும் நண்பரும் மூன்று வருடமாகச் சொந்தமாக வக்கீல் ஆஃபீஸ் நடத்துகிறோம். ஒரு சொத்து வழக்கில் 75,000 ரூபாய் கட்டணம் பேசினோம். கட்சிக்காரர் 1,00,000 ரூபாயை என் சொந்தக் கணக்குக்கு ஒரே தடவையில் அனுப்பினார். அதில் 40,000 கட்டணம், 60,000 கோர்ட் செலவு என்பது வாய்ப்பேச்சு. செலவானது 42,000. மீதி 18,000 ரூபாயைக் கட்டணப் பாக்கியில் கழித்துக்கொண்டேன். வழக்கு நடக்கும்போதே அவர் வேறு வக்கீலிடம் போய்விட்டார். மிச்சம் 17,000 வந்தால்தான் கேஸ் கட்டு கிடைக்கும் என்றேன். பார் கவுன்சிலுக்கும் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போவேன் என்கிறார்.

பதில்: முதலில் கட்டைக் கொடுத்துவிடுங்கள், இன்றைக்கே. உங்கள் பாக்கி நியாயமானதுதான். ஆனால் அதற்காகக் கட்டைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆர்.டி. சக்சேனா என்ற வக்கீலின் வழக்கில் 2000-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் இதை முடித்து வைத்துவிட்டது. கட்டணம் வரவில்லை என்று கட்டுகளைத் திருப்பித் தர மறுத்த அந்த வக்கீலின் செயல் தொழில் ஒழுங்கீனம் என்றே தீர்ப்பு வந்தது. அதுவரை தெளிவான தீர்ப்பு இல்லாததால் அவர் கண்டனத்தோடு தப்பினார். இன்றைக்கு நீங்கள் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. புது வக்கீலுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தராமல் இழுத்தடிப்பதிலும் பயன் இல்லை. காரணத்தைச் சொல்லி அவர் கோர்ட்டிலேயே அனுமதி வாங்கிக்கொள்வார். கொடுக்கும்போது ஒவ்வொரு ஆவணத்தையும் பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை அந்த 18,000 ரூபாய்தான். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், எது கட்டணம், எது செலவு என்று பதிவு காட்ட வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சில் விதி. வழக்கு நடக்கும்போது செலவுக்கென்று வாங்கியதைக் கட்டணத்துக்கு மாற்ற அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வழக்கு முடிந்த பிறகு மிஞ்சியதைப் பேசிய கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் வழக்கு முடியவில்லை. ஆகவே வரவு செலவை ஒரு தாளில் எழுதி, ரசீது நகல்களோடு அனுப்புங்கள். கணக்குக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கழித்ததற்குச் சம்மதமா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் 18,000-ஐத் திருப்பிவிடுங்கள். அப்புறம் முழுக் கட்டணப் பாக்கியான 35,000-க்கும் நோட்டீஸ் கொடுத்து, காலவரம்புக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம்.

நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. கட்சிக்காரருக்கு ஒரு பக்கம், நடுவே சிவப்புக் கோடு: இடப்பக்கம் கட்டணம், வலப்பக்கம் செலவு. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கிய ரசீதைக் குமாஸ்தா அந்தப் பக்கத்திலேயே குண்டூசியால் குத்தி வைப்பார். சாயங்காலம் வலப்பக்கத்தைக் கூட்டாமல் சீனியர் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். ஒரு கட்சிக்காரர் கணக்கில் சந்தேகம் கிளப்பியபோது, அவர் வாயே திறக்காமல் நோட்டைத் திருப்பிக் காட்டினார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நீங்களும் கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பணம் வந்த அன்றே எது எதற்கு என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். கட்டணத்தை ஒரு தாளிலாவது எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

நுகர்வோர் கோர்ட் பற்றிப் பயம் வேண்டாம். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார் கவுன்சில் புகாரை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35-ன் கீழ் கண்டனம், தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்து நீக்கம் என எதுவும் வரலாம். நோட்டீஸ் வருவதற்கு முன்பே கட்டும் கணக்கும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், உங்கள் பதிலுரையின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லலாம்.